என் இடப்பக்கம் காணாமற் போன வருஷம்

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது சோற்றில்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு கிழமை இருக்கும். மனைவி பீங்கானில் சோறு போட்டு வைப்பாள். நான் பிஸ்மி சொல்லித் தொடங்குவேன். பசி அடங்குவதற்குள் சோறு முடிந்துவிடும். இன்னும் போடு என்றால், "பாதிச் சோறு அப்படியே இரிக்கே" என்பாள். நான் பார்த்தால் வெறும் பீங்கான். அவள் அதை மெல்லச் சுற்றி வைப்பாள். உடனே சோறும் மீன் துண்டும் என் முன்னால் வந்து நிற்கும். இருபது வருஷம் எனக்குச் சோறு போட்டவள். அவள் எந்தக் கையால் ஒளிக்கிறாள், எந்தக் கையால் வைக்கிறாள் என்று அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன்.

நான் தையற்காரன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு சிறிய கடை, இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை. சொந்த ஊர் நற்பிட்டிமுனை. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தவன். அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த கடற்கரை வீட்டைச் சுனாமி கொண்டு போனது. எங்களையும் மகளையும் அல்லாஹ் மீட்டுத் தந்தான். பிறகு வீட்டுத்திட்டத்தில் அவள் பெயரில் ஒரு வீடு கிடைத்தது.

யுத்தத்தின் கடைசிக் காலம். தைத்த உடுப்பை ஒலுவில் ஊரில் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வரும்போது, சோதனைச் சாவடிக்கு முன்னால் வீதியில் வைத்திருந்த பீப்பாயில் மோதினேன். தலையின் வலப்பக்கத்தில் இரத்தம் கட்டிக் கொழும்பில் மண்டையைத் திறந்து எடுத்தார்கள். உயிர் தப்பியது. கைகால் அசைந்தன. பேச்சு இருந்தது. ஓதிய குர்ஆன் சூறாக்கள் ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே என் மூளை விட்டுவிட்டது. கண் பார்க்கும், மூளை அதை எடுத்துக்கொள்ளாது. இப்போது இதை விளங்கி எழுதுகிறேன். அப்போது சொன்னவர்களையெல்லாம் பொய்யர் என்றேன்.

எனக்கு வேண்டியிருந்தவை இரண்டுதான்: கடைப் பூட்டின் திறப்பும் கத்தரிக்கோலும். திறப்பு என் மச்சினனிடம், அதாவது மனைவியின் தம்பியிடம் இருந்தது. அவர்தான் கடையை நடத்தினார். கத்தரிக்கோலை மனைவி எங்கேயோ பூட்டி வைத்துவிட்டாள். கொழும்பு மிஸ் சரி என்று சொல்லும்வரை தர மாட்டாளாம்.

கொழும்பு மிஸ் என்பவர் ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சை கொடுப்பவர். உடுத்துவது, உண்பது, வேலை செய்வது இவற்றையெல்லாம் நோயாளிக்குத் திரும்பப் பழக்குவது அவருடைய வேலை. இரண்டு கிழமைக்கொருமுறை வரச் சொன்னார்கள். வழியெல்லாம் இறக்கி ஏற்றிச் சோதிக்கும் காலத்தில் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்று மனைவி அழுதாள். அப்படியானால் போனில் பார்ப்போம் என்றாராம் மிஸ். புதனும் சனியும் அஸர் தொழுகைக்கு முன்னால் போன் வரும். மனைவி அதை ஒரு வெறும் சட்டிக்குள் வைப்பாள். சட்டிக்குள்ளிருந்து குரல் பெரிதாகக் கேட்கும். மிஸ் சொல்வதை மனைவி செய்வாள், என்னைச் செய்ய வைப்பாள்.

அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவில்லை. பெயர் சிங்களப் பெயர், தமிழோ சுத்தமாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்ட கேள்விகள் அதைவிட மோசம். வீட்டுக்கு எத்தனை வாசல்? கிணறு எந்தப் பக்கம்? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? அவர் எத்தனை மணிக்குப் பள்ளிவாசலுக்குப் போவார், எந்த வழியால்?

அந்த நாட்களில் இப்படி விசாரிப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. என் மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். காகிதத்தில் வீட்டின் படத்தைக் கீறித் தபாலில்கூட அனுப்பினாள்.

"அவ ஆர் எண்டு தெரியுமா உனக்கு?" என்றேன்.

"உங்கள பதினாலு நாள் பாத்த மிஸ்."

"அப்ப நான் சோதிக்கிறன்."

அடுத்த முறை போன் வந்ததும் சட்டிப் பக்கம் குனிந்து கேட்டேன். "நான் படுத்திருந்த இடத்த சொல்லுங்க பாப்பம்."

"கடைசிக் கட்டில். உங்களுக்கு இடது பக்கம் பெரிய ஜன்னல். வெளியில ஒரு மாமரம்."

நான் மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அங்கே ஜன்னலே கிடையாது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் இப்போதாவது ஒப்புக்கொள்வாள் என்று பார்த்தேன். அவளோ, "ஓம், மாமரம். காகம் வந்து உங்கட தலைமாட்டுலயே கத்தும்" என்றாள்.

இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அன்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். வாசல் நிலையில் என் இடத்தோள் ஒவ்வொரு நாளும் இடித்தது. வீட்டுத்திட்ட மேசன் வாசலை ஒடுக்கிக் கட்டிவிட்டான் என்று ஏசினேன். ஒரு நாள் மிஸ் சொல்லி, மனைவி சாப்பாட்டுப் பாயில் பத்துப் பொத்தான்களைப் பரப்பி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ஆறு இருந்தது.

"முடிஞ்சா?" என்றது சட்டி.

"முடிஞ்ச. ஆறுதான் போட்டிருக்கா."

"பத்துப் போட்ட மிஸ்" என்றாள் மனைவி.

"கைய விரி பாப்பம்" என்றேன் அவளிடம். விரித்தாள். முந்தானையை உதறச் சொன்னேன். உதறினாள். பதினாறு வயது மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் இடப்பக்கம் நின்றிருக்கிறாள். அழுத சத்தம் கேட்டபோதுதான் ஆள் இருப்பதை அறிந்தேன்.

மிஸ் மனைவியிடம் என்னோடு வாதாட வேண்டாம் என்றார். இனி எதை வைத்தாலும் அதன் இடது ஓரத்தில் சிவப்பாக ஒன்றை வைக்கச் சொன்னார். சிவப்பைத் தேடிப் பிடித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டுமாம். இதைச் சொன்ன நேரம் நான் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போயிருந்தேன்.

மறுநாள் காலையில் எழும்பினால் படுக்கையின் ஓரத்தில் சிவப்புத் துணி முடிச்சு. மனைவி என் தலையைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பிக் காட்டினாள். வாசல் நிலையில் ஒன்று. கிணற்றுக் கப்பியில் ஒன்று. என் சட்டையின் இடக்கையில்கூட ஒன்றைத் தைத்து வைத்திருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. நூல் கட்டுவதும் முடிச்சுப் போடுவதும் என் வாப்பா காலத்திலேயே எங்கள் வீட்டில் விலக்கப்பட்டவை. அல்லாஹ்வைத் தவிர வேறொன்றில் நம்பிக்கை வைக்கும் வேலை அது. கைக்கெட்டிய முடிச்சுகளையெல்லாம் பிய்த்து எறிந்தேன்.

"ஆருக்கிட்ட ஓதி வாங்கின? சொல்லு."

"ஓதவும் இல்ல, ஒண்டும் இல்ல. கடையில மிஞ்சின துண்டு. மிஸ்தான் கட்டச் சொன்ன."

"கொழும்புல ஆஸ்பத்திரில மந்திரம் செய்யிற பொம்புளயும் இரிக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை. என்னை ஒன்றுக்கும் உதவாதவனாக்கி, உம்மாவின் வீட்டுக்கு நற்பிட்டிமுனைக்கு அனுப்பிவிட்டு, அக்காவும் தம்பியும் கடையை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். இது அவளுடைய வீடு. போ என்றால் போக வேண்டியவன் நான்தான்.

முடிச்சுகளைப் பற்றி அவள் மிஸ்ஸிடம் சொன்னாள். மிஸ் சிரிக்கவில்லை. "அது என் பிழை. நான் கேட்டிருக்கணும். முடிச்சு வேண்டாம். தையல் சோக்கட்டியால கோடு போடுவீங்கதானே, அதுக்கு உங்களுக்கு ஏதும் தடையா?" என்று என்னிடம் கேட்டார். தடையில்லை என்றேன். அது துணியில் அளவு குறிக்கும் சுண்ணக்கட்டி, தொழிற் சாமான். அன்றிலிருந்து சிவப்புச் சோக்கட்டிக் கோடு. ஆனாலும் நான் நம்பியே கோட்டைத் தேடினேன் என்று சொல்ல மாட்டேன்.

யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலியில் சொன்னார்கள். கடைத்தெருப் பக்கம் பட்டாசு வெடித்தது. நான் அதையும் நம்பவில்லை.

அந்த மாதம்தான் பள்ளிக்குத் திரும்பவும் போகத் தொடங்கினேன். மகள் வாசல்வரை கொண்டுவந்து விடுவாள். தொழுகை வரிசையான ஸப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது எங்கள் ஒழுங்கு. என் வலத்தோளில் ஆள் இருக்கும். இடத்தோள் பக்கம் யாரும் இல்லை. ஒரு நாளல்ல, ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் அப்படித்தான். மண்டை உடைந்தவன் பக்கத்தில் நிற்க ஊரார் அஞ்சுகிறார்கள் என்று நினைத்தேன். மனைவியைச் சந்தேகப்பட்டபோது கோபம்தான் வந்தது. இது வேறு மாதிரி. பள்ளியிலிருந்து வந்து கிணற்றடியில் நின்று, யாருக்கும் கேளாமல் அழுதிருக்கிறேன்.

சனிக்கிழமை மனைவி அதைச் சட்டிக்குள் சொல்லிவிட்டாள். மிஸ் என்னிடம், "தொழுகையை எப்படி முடிப்பீங்க? எனக்குத் தெரியாது, சொல்லித் தாங்க" என்றார்.

"வலப்பக்கம் கிறுகி ஸலாம் சொல்ற. மறுகா இடப்பக்கம் கிறுகிச் சொல்ற."

"ஒருக்காச் செய்து காட்டுங்க."

செய்தேன்.

"இடப்பக்கம் கிறுகல்ல மிஸ்" என்றாள் மனைவி. "ரெண்டு தரமும் வலப்பக்கந்தான். ஆஸ்பத்திரியால வந்த நாள்ளருந்து அப்படித்தான் தொழுறாரு. சொன்னா மனம் உடைஞ்சு போவாரெண்டு சொல்லல்ல."

அவளை ஏச வாயெடுத்தேன். மிஸ் மறித்தார்.

"அவங்களை நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம். நீங்க சந்தேகப்படுற ஆள், நல்லது. உங்க கண்ணையும் சேர்த்துச் சந்தேகப்படுங்க. இது முடிஞ்சுது எண்டு கண் சொன்னா, வலது கையை மெல்ல இடது பக்கம் கொண்டு போங்க. உங்க இடது கை தட்டுப்படும்வரை அது முடியல்ல. தட்டுப்பட்டாலும் இன்னும் கொஞ்சம் போங்க."

அன்று பள்ளிவாசலில் மஃரிப் தொழுது, துஆவும் கேட்டு முடித்தபின் பாயில் இருந்தபடியே அதைச் செய்தேன். வலக்கையைப் பாயின் மேல் நகர்த்தினேன். என் இடது முழங்கால் தட்டுப்பட்டது. இன்னும் நகர்த்தினேன். பாயின் கோரை, பிறகு ஒரு மனிதனின் விரல்கள்.

"என்ன மச்சான்?" என்றது குரல். தலையை வலிந்து இடப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மச்சினன்.

"நீ எப்ப வந்த?"

"ஒவ்வொரு வக்தும் இஞ்சதான் நிக்கன். நீங்க விழுந்தா பிடிக்க ஆள் வேணும் எண்டு ராத்தா சொன்ன." மனைவியைத்தான் அவர் ராத்தா என்பார்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"என்னக் கண்டா கடைய விழுங்கின கள்ளன் எண்டுதானே கதைக்கிறீங்க. பள்ளிக்குள்ளயும் அதக் கேக்கணுமா?"

நான் அவர் விரல்களை விடவில்லை. அவரும் இழுக்கவில்லை. ஆட்கள் எழுந்து போன பிறகும் இருந்தோம். அவரிடம் மாப்புக் கேட்டேன். "அது கிடக்கட்டும் மச்சான், அந்தத் தடிச்ச துணி தைக்கிற மெஷின் ஏன் நூல அறுக்குது?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் மிஸ் வெட்டு வேலையைத் தொடங்கினார். துணியில் அல்ல, பழைய பத்திரிகையில். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் பிடிக்கும் முனை மழுங்கிய கத்தரி. ஒரு சட்டைக்கு வேண்டிய துண்டுகளைக் கோடு போட்டு வெட்ட வேண்டும். கிழமைக்குப் பத்துச் சட்டை. ஒரு கிழமை முழுக்கப் பிழையில்லாமல் வெட்டினால் கடைக்குப் போகலாம். முதற் கிழமை நான்கு பிழை. பிறகு மூன்று. மனைவி அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துச் சொல்வாள். அவள் நாடாவை நான் மறுபடியும் பிடித்துப் பார்ப்பேன்.

நோன்புக்கு இரண்டு மாதம் இருந்தது. பெருநாள் உடுப்புக்குத் துணி வரத் தொடங்கும் காலம். அந்தக் கிழமை ஒன்பது சட்டை பிழையில்லாமல் வெட்டியிருந்தேன். புதன்கிழமை பக்கத்து வீட்டில் மவுத்து, ஒருவர் இறந்துவிட்டார். மனைவியும் மகளும் அங்கே போய்விட்டார்கள். போனைச் சட்டியில் வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டுப் போனாள். நான் பத்தாவது சட்டையை வெட்டினேன். கண் முடிந்தது என்றது. கையைக் கொண்டு போனேன். இடது முன்துண்டில் ஓரம் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. கோட்டுக்கு உள்ளால் வெட்டியிருந்தேன்.

அடுப்பில் நெருப்பு இருந்தது. பத்திரிகைதானே, போட்டால் ஒரு நொடி. இன்னொன்றை வெட்டி வைக்கலாம். பார்த்தவர் யாருமில்லை. போன் அடித்தது.

"பத்தும் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச."

"எப்படி?"

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதைச் சொன்னால் இன்னும் ஒரு கிழமை போகும். பெருநாள் வேலை மச்சினன் கையோடு போகும். இத்தனை மாதம் எல்லோரிடமும் உண்மை சொல்லவில்லை என்று சண்டை பிடித்தவன் நான். அல்லாஹ் அடுப்படியிலும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஒண்டு பிழைச்சிட்டு" என்றேன். "பத்தாவது. இடது முன்துண்டு, ரெண்டு அங்குலம் குறைவு."

"அளந்து சொன்னது யாரு? அவங்களா?"

"அவ இல்ல. மவுத்து வீட்ட போய்ட்டா. நான்தான் கையால தடவிப் பாத்த."

சரியாகக் கேட்க வேண்டுமென்று சட்டியைத் தூக்கிக் காதில் வைத்தேன்.

"சனிக்கிழமையிலிருந்து கடைக்குப் போங்க" என்றார்.

"பிழைச்சிட்டு எண்டுதானே சொல்றன் மிஸ்."

"பிழை இனியும் வரும். நீங்களே கண்டுபிடிச்சீங்கதானே, அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். வெட்ட முந்தி ஒருக்காத் தடவுங்க, வெட்டின பிறகு ஒருக்காத் தடவுங்க. மச்சினன் பக்கத்தில நிக்கட்டும்."

மனைவி திரும்பி வந்தபோது சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. நானே சட்டிக்குள் ஏதோ இட்டுக்கட்டிவிட்டேன் என்று நினைத்து, மிஸ்ஸுக்குத் திரும்பவும் போன் எடுத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசிப் பெட்டியின் அடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் வலக்கையில் வைத்தாள்.