மறுநாளே வந்த சாயம்

குறைமாதத்தில் பிறந்தது அவருடைய தவறில்லை. அதற்குப் பிறகு பட்ட அவசரமெல்லாம் அவருடைய சொந்த உழைப்பு. பாதிக் கேள்வியைப் படித்துவிட்டு முழு விடை எழுதினார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலவே வளர்ந்து, சொல்லிவைத்தாற்போல் வெந்நீர் நிலையத்துக்கே கிணற்றுப் பொறியாளராக வந்துசேர்ந்தார். அங்கே அவருக்குச் சுடுதண்ணி என்று பெயர்.

பூமிக்கடியில் தகிக்கிற பாறையிலிருந்து ஒரு கிணற்றின் வழியாக வெந்நீரை எடுத்து, ஊர் வீடுகளுக்கு அனுப்பிச் சூடாக்கிவிட்டு, ஆறிய தண்ணீரை இன்னொரு கிணற்றில் இறக்குவதுதான் நிலையத்தின் வேலை. இறங்கிய தண்ணீர் மயிரிழை விரிசல்களில் மாதக்கணக்கில் ஊர்ந்து, பாறையின் சூட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக வாங்கிக்கொண்டு திரும்பும். ஊர்வது சுடுதண்ணிக்கு ஆகாத விஷயம்.

தண்ணீர் நன்றாகச் சுற்றிவரட்டும் என்று, புது இறக்குக் கிணற்றைக் குன்றுக்கு அந்தப் பக்கம் தோண்டச் சொன்னாள் நிலவியல்காரி. அங்கே போனால் பூட்ஸில் சேறு படும். வெந்நீர்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, தன் ஜன்னலுக்கு நேராகத் தோண்டவைத்தார் அவர்.

இறக்கிய தண்ணீர் திரும்பிவர எத்தனை நாளாகிறது என்று பார்க்கப் பச்சைச் சாயம் கலந்து இறக்கினார்கள். மறுநாளே அது வெந்நீர்க் கிணற்றில் எட்டிப்பார்த்தது. சுடுதண்ணி கேக் வெட்டினார்.

“சார், இது நல்லதில்ல. ஒரே பெரிய வெடிப்பு வழியா நேரா ஓடி வந்திருக்கு,” என்றாள் நிலவியல்காரி.

“என்னம்மா நீ, பஸ் சீக்கிரம் வந்தாக்கூடக் கோச்சுக்குவ போல.”

“யாரையும் ஏத்தாம வந்த பஸ் சார் இது. சூடு பூரா ஸ்டாப்லயே நிக்குது.”

அவளுக்கு மட்டும் க்ரீம் இல்லாத துண்டைக் கொடுத்தார்.

பொது மேலாளர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு ஆள் பார்க்கக் குளிர்காலத்தில் இயக்குநர் வந்தார். சுடுதண்ணி அவரை வலியப்போய் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவந்தார். அதற்குள் அந்த ஒற்றை வெடிப்பின் சுவர்களிலிருந்த சூட்டைத் தண்ணீர் வழித்தெடுத்து முடித்திருந்தது. வெந்நீர்க் குழாயில் கை கழுவப் போன இயக்குநர், விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு திரும்பினார்.

“புதுக் கிணத்துல விட்ட சாயம் எப்போ வந்துச்சு?”

சுடுதண்ணியின் முகம் மலர்ந்தது. “மறுநாளே சார். எந்த நிலையத்துலயும் இப்படி வந்ததில்ல.”

இயக்குநர் கோட்டை மாட்டிக்கொண்டார். சாப்பாட்டைத் தொடவில்லை.

நாற்காலி வேறு யாருக்கோ போயிற்று.

“வேகமா வேலை செய்யறவனை இவங்களுக்குப் பிடிக்காது,” என்று மனைவியிடம் பொருமினார். அவள் குளிப்பதற்காக அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“சாயம் மறுநாளே வந்துடுச்சுங்க. வெளுக்கறதுக்குத்தான் குளிர்காலம் வரைக்கும் ஆச்சு,” என்றாள். “வாளியைத் தூக்குங்க. மெதுவா. கால்ல கொட்டிக்காதீங்க.”