இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

பொன்முடி மலைக்குப் போகும் வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு தரும் மென்பொருளை எங்கள் திருவனந்தபுரம் அலுவலகம்தான் எழுதியிருந்தது. அன்று காலை அது படுத்துவிட்டது. மலையடிவாரத்தில், கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. எங்கள் மேலாளரின் கைபேசி ஓயாமல் அலறியது.

பிழை அறிக்கையை அவர் பெரிய திரையில் போட்டார். முதல் வரிசையில் ஒரு கோப்பின் பெயர், வரி எண் 212. அந்த வரியை எழுதியவள் என் பக்கத்து இருக்கைப் பெண். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

அவளுக்கும் எனக்கும் தகுதிகாண் காலம் அன்றோடு முடிந்தது. எங்கள் பணியை உறுதிசெய்யும் கடிதங்கள் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தன.

"அக்கா, அந்த வரியில ஒரு தெற்றும் இல்ல, கேட்டோ," என்றாள் என்னிடம் மெதுவாக. அவள் மலையாளத்தில் தெற்று என்றால் தப்பு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த அறிக்கைகளுக்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது. கோப்பு, வரி என்று நீதிபதி மாதிரி சொல்லும். சொல்வதோ நிரல் தடுக்கி விழுந்த இடத்தை மட்டும். வழியில் கல்லைப் போட்டது யார் என்று அறிய, எந்த வரி எந்த வரியை அழைத்தது என்று கீழே வரிசையாக இருப்பதைப் படிக்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை?

"கீழ போங்க சார்," என்றேன்.

"ஆள் கிட்டியாச்சல்லோ. இனி எதுக்கு?"

"ஆளையா தேடுறோம்? பிழையையாக்கும் தேடுறோம்."

நாகர்கோவில்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? என் கடிதமும் அவரிடம்தான் இருக்கிறது என்பது பிறகே உறைத்தது. பயமாக இருந்தது. ஆனாலும் எழுந்துபோய் மவுஸை வாங்கிக்கொண்டேன்.

அவள் வரி வண்டி எண்ணைப் படிக்கும், அவ்வளவுதான். எண் வெறுமையாக வந்திருந்தது. இரண்டாவது வரிசை அதை வாங்கிக் கொடுத்ததோடு சரி. மூன்றாவதைத் திறந்தேன். வண்டி எண் இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தை மேலே அனுப்பிவிடு என்று, பஸ்ஸில் வருகிறவர்களை நினைத்து முந்தைய நாள் சேர்த்த வரி. சேர்த்தது நான்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

"இனியும் கீழ போகணுமோ?" என்றார் மேலாளர்.

"வேண்டாம் சார். எனக்க வரிதான்."

உட்கார்ந்து திருத்தினேன். வண்டிகள் நகர்ந்தன. மாலையில் அவள் கையில் கடிதம் கிடைத்தது. என்னுடையதை அவர் கையெழுத்திடாமல் இழுப்பறைக்குள் வைத்தார்.