தோலின் மேல் ஊற்றிய ஒயின்

மதுவிலக்கு வந்த பிறகு எங்கள் தாலுகாவில் சட்டப்படி ஒயின் வைத்திருந்தவர், எனக்குத் தெரிந்து, மொரப்பூர்ப் பக்கத்து மாதா கோயிலின் இத்தாலிச் சாமியார் ஒருவர்தான். பூசைக்கென்று அனுமதி வாங்கியிருந்தார். மாதம் ஒருமுறை போய்ச் சோதிப்பது மதுவிலக்குக் காவலனான என் வேலை.

நெட்டையான ஆள். வெள்ளை அங்கியில் எப்போதும் கறை இருக்கும். எதைக் கேட்டாலும் தன் விரலை முகர்ந்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஒருமுறை நான் போனபோது, உலர்த்திப் பிழிந்த திராட்சையின் தோல்களைச் சாடியில் போட்டு, அவற்றின் மேல் சாதாரண ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சக்கையைத் தூக்கிப் போடலீங்களா சாமி?"

விரலை முகர்ந்தார். "உங்க வூட்ல புளியை ஒரு தடவை கரைச்சதும் எறிஞ்சுடுவாங்களா?"

எறிய மாட்டார்கள்தான். குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரமே இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. எதிரி நாட்டுக்காரர் என்று சாமியாரைக் காவல் முகாமுக்குக் கொண்டுபோகப் போலீஸ் வந்தது. மொரப்பூர் பிளாட்பாரத்தில் என்னைக் கண்டதும் கைகாட்டி அழைத்தார். ஆசீர்வதிக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"பதினஞ்சு நாள்ல தோலை எடுத்துடுங்க. அதுக்கு மேல விட்டா கசந்துடும்."

"நான் மதுவிலக்குக்காரனுங்க, சாமி."

விரலை முகர்ந்தார். "அதனாலதான் சொல்றேன். நீங்க குடிக்க மாட்டீங்க."

பதினைந்தாம் நாள் போனேன். தோலை வடிகட்டி எடுத்து, சாடியை இறுக மூடினேன். குடிக்கவில்லை. ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பும்போது பாதி வழி ஒரு கையால்தான் சைக்கிள் ஓட்டினேன். இன்னொரு கை மூக்கருகிலேயே இருந்தது.