சுக்கான் இல்லாத மூலை

என் அக்காள் முத்துப்பேச்சியின் புருஷன் கோட்டைச்சாமிக்கு யாரையும் நம்ப வராது. கருப்பட்டி வாங்கினால், கடைக்காரன் இன்றைக்கு ஏன் சிரித்துக்கொண்டே நிறுத்தான் என்று வீடு வரும்வரை யோசிப்பார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நம் வீட்டில் காப்பி குடிக்கக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு வாரம் ஆராய்ச்சி நடக்கும். நான் அவருடைய மச்சினன், பெயர் செல்லப்பாண்டி. என்னைக்கூட அவர் முழுதாக நம்பியதில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு நானே ஒருநாள் துணை போனேனே, அந்த வருத்தம் இதைவிடப் பெரியது.

வெம்பக்கோட்டைக்குத் தெற்கே அவருக்கு நாலு ஏக்கர் கரிசல். மானம் பார்த்த பூமி. மேலே ஒரு சாண் நல்ல கறுப்பு மண். அதற்குக் கீழே, பரம்பரை பரம்பரையாக மரக்கலப்பை ஒரே ஆழத்தில் ஓடி ஓடி இறுகிப்போன கட்டாந்தரை. அதற்கும் அடியில் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டி கலந்த வெள்ளை மண். பெய்கிற மழை கட்டாந்தரைக்குள் இறங்காது, ஓடையைப் பார்த்து ஓடிவிடும். பருத்தி வேரும் ஒரு சாண் இறங்கி, முட்டி, பக்கவாட்டில் திரும்பிவிடும். அந்தத் தரையை உடைக்க வேண்டும், ஆனால் சுக்கான் மேலே வந்துவிடக் கூடாது. மச்சானின் அப்பா ஒரு காலத்தில் கிணறு தோண்டப் பார்த்துப் பாதியில் விட்டார். அந்த மண் கொட்டிய இடத்தில் இருபது வருஷமாக நெருஞ்சிகூட முளைக்க யோசிக்கிறது.

அறுபத்து மூன்றிலும் அறுபத்து நாலிலும் பருத்தி ஏமாற்றிவிட்டது. இந்த வருஷமும் இப்படியே போனால் தானும் மகளும் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூலி வேலைக்குப் போய்விடப் போவதாக அக்காள் ஒருநாள் சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள். கத்திச் சொல்லியிருந்தால் மச்சானும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னதில் மனுஷன் பயந்துபோனார்.

அந்த ஆனி மாதம் பஞ்சாயத்து யூனியனிலிருந்து ஒரு டிராக்டரும் இரண்டு கலப்பைகளும் ஊருக்கு வந்தன. ஊர்க்காரர் உக்கிரபாண்டியின் புஞ்சைக் காட்டில் ஓட்டிக் காட்டினார்கள். ஒன்று இறக்கைக் கலப்பை. மண்ணை அடியோடு வெட்டி அப்படியே கவிழ்த்துப் போட்டது. உழுத இடம் புதுப் பாய் விரித்த மாதிரி இருந்தது, ஊரே வாயைப் பிளந்தது. இன்னொன்று உளிக்கலப்பை. ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒற்றை இரும்புக் கால், நுனியில் சின்னதாக ஒரு பாதம். அது ஒரு முழத்துக்கும் கீழே போய் இழுத்தது. மேலே ஒரு கீறலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாம்பு போன தடத்துக்கு டீசலா என்று கூட்டம் சிரித்தது.

மச்சான் சிரிக்கவில்லை. ஊரே மெச்சியதால் இறக்கைக் கலப்பை மீது அவருக்குச் சந்தேகம். உழுத அடையாளமே இல்லாததால் உளி மீதும் சந்தேகம். மறுநாள் விடிந்ததும் இரண்டு குடம் தண்ணீரோடு என்னைக் கூட்டிக்கொண்டு உக்கிரபாண்டி காட்டுக்குப் போனார். உழாத இடத்தில் பாத்தி மாதிரி கட்டி ஒரு செம்பு ஊற்றினார். அவர் வெற்றிலை போட்டுத் துப்பும்வரை தண்ணீர் அப்படியே நின்றது. உளி கீறிய இடத்தில் ஒரு செம்பு ஊற்றினார். மடமடவென்று குடித்துவிட்டது. எலி வளையாக இருக்கும் என்று சொல்லி வேறு இடத்தில் ஊற்றினார். அங்கேயும் குடித்தது. குடம் காலியாகும்வரை ஊற்றிப் பார்த்தார். கீறல் நெடுக மண்டி போட்டுத் தேடியும் ஒரு பொட்டு வெள்ளை கண்ணில் படவில்லை. இறக்கை ஓட்டிய பக்கத்திலோ அங்கங்கே சுக்கான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

நம் காட்டுக்கு உளிதான் என்று எழுந்து நின்று சொன்னார். அவர் சந்தேகத்தால் ஒரு நல்ல காரியம் நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனசு குளிர்ந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. உளி ஒன்றுதான் இருந்தது, கேட்டவர்களோ பலர். அதனால் குழி தோண்டிப் பார்த்து, கட்டாந்தரை இருக்கிற காட்டுக்கு மட்டும் உளி, மற்றதற்கு இறக்கை என்று முடிவு செய்தார்கள். குழி பார்க்க வந்தவர் யூனியன் ஆபீஸின் கிராம சேவக் சீனிச்சாமி. நல்ல மனுஷன், கையில் நோட்டும் தோளில் கடப்பாரையுமாக நடந்தே வருவார். போதாத காலம், அதே மாதத்தில்தான் ஆலங்குளம் பக்கம் யாரோ முளைக்குச்சி அடித்துக் குழி தோண்டி, சுண்ணாம்புக்கல் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனதாகப் பேச்சு. சிமெண்டு கம்பெனி வரப்போகிறது, சுக்கான் இருக்கிற காட்டையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

"கலப்பைக்கு எதுக்குலே மாப்ளே குழி?" என்று மச்சான் என் காதோடு கேட்டார்.

கேட்டுவிட்டு சீனிச்சாமியை நேராகக் கிழக்கு மூலைக்குக் கூட்டிப் போனார். அந்த மூலை பள்ளமாகக் கிடந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்மாயில் வெட்டிய கரம்பையை, அதாவது வண்டல் மண்ணை அடித்து மேடாக்கிய இடம். வண்டி ஓட்டியவனே நான்தான். கடப்பாரை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. காடு முழுக்க இப்படித்தானா என்று சீனிச்சாமி என்னைப் பார்த்துக் கேட்டார். மச்சானும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்ப உங்களுக்கு உளி வேண்டியதில்ல அண்ணாச்சி. எறக்கையே போதும்," என்று சீனிச்சாமி நோட்டில் எழுதிக்கொண்டார்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொன்னால் காடு போய்விடும் என்ற பயம், சொல்லாவிட்டால் உளி கிடைக்காது. டிராக்டர் வருகிற அன்றைக்கு ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று என்னிடம் சொன்னார். அக்காளிடம் இருவருமே மூச்சுவிடவில்லை. ஆனால் சீனிச்சாமி நோட்டில் எழுதியது கலப்பையைப் பற்றிய ஒரு வரிதானா, சுக்கானைப் பற்றி இரண்டாவது வரியும் உண்டா என்ற கேள்வி மச்சானைத் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை, தன் சர்வே நம்பர் ஏதாவது பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, பஸ் ஏறிச் சாத்தூர் தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டார். நான் சந்தைக்குப் போயிருந்தேன்.

அடுத்த வாரம் வரவேண்டிய டிராக்டர் அன்றைக்கே வந்துவிட்டது. டிராக்டர் வரும் என்பது மட்டும்தான் அக்காளுக்குத் தெரியும். சந்தோஷமாக டிரைவருக்கு மோர் கொடுத்துவிட்டு, களை எடுக்கிற பக்கத்துக் காட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் கறுப்புக் காட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னால் உழுத சாலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் இறக்கை என்றுதான் போட்டிருக்கிறது என்று சீனிச்சாமி எழுதிக் கொடுத்த சீட்டை டிரைவர் எடுத்துக் காட்டினாராம்.

"நோட்டுல இருக்கலாம். காட்ட ஓட்டுனது போதும், எறங்குங்க," என்றாளாம்.

அதற்குள் அரை ஏக்கர் போய்விட்டது.

சாயங்காலம் மச்சான் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். எந்தப் பட்டியலும் இல்லை, குமாஸ்தாவிடம் மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டாயிற்று என்று, சந்தையிலிருந்து அதே பஸ்ஸில் திரும்பிய என்னிடம் வழியிலேயே சொன்னார். அவ்வளவு சிரித்த முகமாக அவரை நான் பார்த்ததில்லை. காட்டைப் பார்த்ததும் பொட்டலத்தை வரப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"குழி எங்கன காட்டுனீக?" என்று அக்காள் கேட்டாள்.

கிழக்கு மூலையில் என்று நான்தான் சொன்னேன்.

"நீயும் அங்கன இருந்தியா?"

இருந்தேன் என்றேன். கூடப்பிறந்தவள் அன்றைக்குப் பார்த்த பார்வைக்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் மச்சான் யூனியன் ஆபீஸுக்கு நடந்தே போய், சீனிச்சாமியைக் கையோடு கூட்டிவந்தார். காட்டின் நட்ட நடுவில் நின்றுகொண்டு கடப்பாரையை நீட்டினார்.

"அன்னைக்கு நாங் காட்டுனது பொய்யி. இதுதான் என் காடு. தோண்டுங்க."

ஒரு சாணில் கடப்பாரை நங்கென்றது. சீனிச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை, நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஆனால் உளி அதற்குள் வேறு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. எங்கள் முறை வரப் புரட்டாசி ஆனது. மூன்றரை ஏக்கருக்கு உளி ஓட்டி முடித்து எட்டாம் நாள் மழை பிடித்தது. அந்த வருஷம் ஓடையில் எங்கள் காட்டுத் தண்ணீர் ஓடவில்லை. தையில் பருத்திச் செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் நேராகக் கீழே இறங்கியிருந்தது. அக்காளும் மகளும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகவில்லை.

அரை ஏக்கர் மட்டும் வெள்ளையாகவே கிடக்கிறது. மச்சானும் நானும் பொழுது இறங்கினால் கூடையில் சுக்கான் பொறுக்கிக் கொட்டுகிறோம், நாலு வருஷமாயிற்று, குறைந்தபாடில்லை. மச்சான் முன்போல யாரையும் சந்தேகப்படுவதில்லை. அந்த வேலையை இப்போது அக்காள் எடுத்துக்கொண்டாள். காட்டில் இன்ன வேலை முடிந்தது என்று நாங்கள் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டுத் தானே ஒருதரம் போய்ப் பார்த்து வருகிறாள். போகும்போது கடப்பாரையையும் எடுத்துக்கொள்கிறாள்.