பால்மரப் படகு

அன்று குட்டைக்கரையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், அப்பா, தம்பி, அவனோடு சேர்ந்து படகு கட்டிய நான்கு பையன்கள், அவர்களைக் கட்டி மேய்த்த டீச்சர், கோர்ட்டிலிருந்து வந்த நன்னடத்தை அதிகாரி. அம்மா வரவில்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் யார் இருந்தோம் என்று எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். இத்தனை பேரில் ஒருவராவது அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாமே என்ற நினைப்புதான்.

தம்பிக்கு அப்போது பதினேழு. திருட்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனான், மாட்டிக்கொண்டான். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுவந்தார். சுங்கை சிப்புட்டில் இளைஞர்களுக்காக நடந்த படகு கட்டும் பயிற்சிக்கு அவன் ஒழுங்காகப் போக வேண்டும், இல்லாவிட்டால் சீர்திருத்தப் பள்ளி என்று கோர்ட்டில் சொன்னதாக நாங்கள் புரிந்துகொண்டோம். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள். அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் இரண்டு பேரிடமாவது காட்டிக் கேட்பேன். வேலை முடிந்ததும் ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து நேராகப் பயிற்சி நடந்த மண்டபத்துக்குத்தான் போவேன். அவன் உள்ளே இருக்கிறானா என்று பார்த்தால்தான் மூச்சு வரும். “வந்துட்டாங்கடா இன்ஸ்பெக்டர்,” என்று பையன்கள் சிரிப்பார்கள்.

மரம் வாங்க வர வேண்டிய பணம் வரவில்லை. பணம் வராததால் தச்சரும் வரவில்லை. அதிகாரி பார்க்க வரும் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அப்பாதான் வழி சொன்னார். நாங்கள் இருந்த பழைய தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தெரிந்த லோரிக்காரரைப் பிடித்து, சாய்ந்த மரங்களில் சிலவற்றை வாங்கி, பலகையாக அறுத்துக் கொண்டுவந்து இறக்கினார். “நான் பால் சீவுன மரம்லா இது. இதுலதான் மேசை நாற்காலி செஞ்சு வெளியூருக்கு அனுப்புறான். படகுக்கு ஆகாதா?” என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். பலகை அவ்வளவு வெளுப்பு, தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு. கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பையன்கள் வளைத்து ஒட்டினார்கள். தம்பி அத்தனை கவனமாக எதையும் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் சோற்றுத் தட்டைக்கூடக் கழுவாதவன், அங்கே கிடந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினான்.

தொழிற்சாலைக்காரன் அந்த மரத்தை அறுத்த கையோடு பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தில் ஊறவைத்து, காயவைத்துப் பிறகுதான் தொடுகிறான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தாத்தா காலத்திலிருந்து அந்த மரத்தின் பாலில் சாப்பிட்ட குடும்பம்தான். கட்டையைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும், அடுப்பில் வைத்ததைத் தவிர? சில நாளில் பலகையில் மை கொட்டியதுபோல் நீலம் பாய்ந்தது. பிறகு படகுக்கு அடியில் மாவு சலித்ததுபோல் தூள். தினமும் கூட்டினாலும் மறுநாள் திரும்பவும் கிடக்கும். “தம்பி, இது நல்லதுக்கு இல்லடா. டீச்சர்கிட்ட சொல்லு,” என்றேன். “நீ சும்மா இரு லா அக்கா. விசிறி சுத்துனா கழண்டு விழுந்துடும்னு பயப்படுற ஆளு நீ,” என்று சொல்லிவிட்டு மேலே சாயம் பூசினான். நானே போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் குனிந்து அந்தத் தூளை விரலில் எடுத்துப் பார்த்தார். “இப்ப நிறுத்துனா இவனுங்க திரும்ப வர மாட்டானுங்கம்மா,” என்றார்.

ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையில்தான் இறக்கினார்கள். தம்பி முன்னால், இன்னொருவன் பின்னால். கொஞ்ச தூரம் அழகாகப் போனது. அப்பா கைகூடத் தட்டினார். திரும்புவதற்காகத் தம்பி காலை ஊன்றியபோது குதிகால் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. மிதவைச் சட்டை போட்டிருந்ததால் இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். “மச்சான், படகு கட்டச் சொன்னா சல்லடை கட்டியிருக்க,” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், அதைத்தான் நான் நம்பிவிட்டேன். அதிகாரி குனிந்து ஏதோ எழுதினார். தம்பி அந்தப் பேனாவையே பார்த்தான். பிறகு துண்டு எடுக்கப் போகிறவன்போல் ஈரத்தோடு சாலைப் பக்கம் நடந்தான்.

அதிகாரி எழுதி முடித்து, படகு மூழ்கியதைப் பற்றி ஒன்றுமில்லை, பையன் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருக்கிறான், கோர்ட்டுக்கு அது போதும் என்று மலாயில் சொன்னார். அதைச் சொல்லத்தான் அவனைத் தேடினோம். பஸ் நிலையம், நண்பர்கள் வீடு, தாப்பா, பீடோர் வரைக்கும் தேடினோம். கோர்ட்டு நாளிலும் அவன் வரவில்லை. பிடிவாரண்டு போட்டார்கள். போலீஸ் பிடித்தாவது கொண்டுவரட்டும் என்று அம்மா இன்றைக்கும் ஜெபிக்கிறாள். “நாப்பது வருசம் பாலெடுத்தேன்,” என்று அப்பா தொடங்குவார், முடிக்க மாட்டார்.

அவன் வராததால் அப்பா கையெழுத்துப் போட்ட ஜாமீன் பணத்தைத் தவணையில் கட்டச் சொல்லிவிட்டார்கள். மாதா மாதம் நான்தான் போகிறேன். வழக்கு தம்பி பெயரில் இருப்பதால், கவுண்டரில் இருக்கும் மலாய்க்காரப் பெண் அவன் முழுப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சேமநிதியை எடுத்து மொத்தமாகக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. வேண்டாம்பா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறேன். கட்டி முடித்துவிட்டால் அப்புறம் அவனை யார் கூப்பிடுவார்கள்? இந்த மாதமும் கொஞ்சமாகத்தான் கட்டினேன். இன்னும் ஆயிரத்து இருநூறு வெள்ளி பாக்கி இருக்கிறது.