கழுவி வைத்த ஹார்டு டிஸ்க்

ஆயுத பூஜை அன்று மதியம், கடையில் பூஜை முடித்துப் பொரியை அள்ளி வாயில் போடும்போது கவிதாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருக்குதுங்ணா. லைட்டே எரியல."

பொரி கையிலிருந்து கொட்டிவிட்டது. அன்று காலையில்தான் அவர் வீட்டுக்குப் போய் வேலையை ஓடவிட்டு வந்திருந்தேன்.

குமாரபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது.

கவிதா ஜலகண்டாபுரத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் லாரியில் வடக்கே போனால் திரும்ப நாளாகும். வீட்டை ஒட்டி மாமனாரின் தறிப்பட்டறை. முன்னறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் கவிதா சேலை பார்டருக்கும் முந்திக்கும் டிசைன் போடுவார். தீபாவளி டிசைன்கள் தயார். அவற்றைச் சொன்னபடி கொடுத்தால் இனி தன் வேலை முழுவதும் கவிதாவுக்கே என்று ஒரு சேலை வியாபாரி சொல்லியிருந்தார். ஆனால் அவர் கேட்ட புது சாப்ட்வேர் பழைய விண்டோஸில் ஓடாது. அதனால்தான் புது விண்டோஸ் போட என்னைக் கூப்பிட்டார்.

வேண்டுமென்றேதான் பூஜை நாளைத் தேர்ந்தெடுத்தேன். தறி ஓடினால் அந்த வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கும். அன்று தறி நிற்கும், கரண்ட் சீராக இருக்கும். புது விண்டோஸுக்கு C டிரைவில் இடம் போதவில்லை. D-யில் கொஞ்சம் வெட்டி C-யோடு சேர்க்க வேண்டும். அது பல மணி நேரம் ஓடும். நடுவில் மெஷின் நின்றால் D-யில் இருக்கும் அத்தனையும் போகும். டிசைன்கள் எல்லாம் D-யில்தான். அதனால் முதலில் அவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். நான்கைந்து பைல்களைத் திறந்தும் பார்த்தேன். டிஸ்க்கை அதே மேஜையில் வைத்தேன். யூபிஎஸ் நன்றாக வேலை செய்தது. "யாரும் சுவிட்சைத் தொடாம பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

போன் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மானிட்டரில் விபூதிப் பட்டை, அதன் மேல் குங்குமம். சிபியூவுக்குச் சாமந்தி மாலை. கீழே வாழையிலையில் ஸ்பேனர், கத்தரிக்கோல், தறி நாடா. நடுவில் என் ஹார்டு டிஸ்க். அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இது எப்படிங்க ஈரமாச்சு?"

மாமனார் பெருமையாகச் சொன்னார். "கழுவுனேனுங்க. சாமான் எல்லாம் வாளியில போட்டுக் கழுவறப்ப இதையும் போட்டேன். அழுக்கேறிக் கெடந்துச்சு."

"யூபிஎஸ்ஸை யாரு நிறுத்துனது?"

"மெயினை நிறுத்துனதும் அது கீ கீன்னு கத்துச்சுங்க. பூசை நேரத்துல எந்த மிசினும் ஓடக்கூடாதுங்களே. பட்டனை அமுத்திப்போட்டேன்."

"உங்க மருமக பொழப்பையே கழுவி பொட்டு வெச்சிருக்கீங்க!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க கத்தறீங்க? அதும் நம்மூட்டுக்கு ஒழைக்குதுன்னுதானுங்க பொட்டு வெச்சேன். ஈரந்தானே, இப்பச் சொருகிப் பாத்தாத் தெரிஞ்சுபோகுது" என்று டிஸ்க்கை எடுத்து வயரைத் தேடினார்.

"தொடாதீங்க!" என்று பிடுங்கினேன். ஈரத்தோடு கரண்ட் ஏறினால் கருகிவிடும்.

கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பார்த்தேன். D இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றிருந்த கவிதா அழவில்லை. குரலும் உயரவில்லை.

"மாமா, பாவு ஓடறப்ப நான் வந்து தறிய நிறுத்துனா உடுவீங்களா?"

அவர் தறிப்பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்பறம் என்னையக் கேக்காம என்னோடத எதுக்குங்க தொட்டீங்க?"

அந்த வீட்டில் அவரை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மனிதர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டு வந்து கவரைப் பிரித்தேன். கவருக்குள் வயர் சொருகும் சின்ன போர்டு முழுக்கத் தண்ணீர். அதைக் கழற்றித் தனியே போட்டுவிட்டு டிஸ்க்கைக் காயவிட்டேன். இரண்டு பேரும் தினமும் கடைக்கு வந்து போனார்கள். கவிதா டிஸ்க்கைப் பார்ப்பார். மாமனார் வாசலோடு நின்றுவிடுவார்.

நன்றாகக் காய்ந்த பிறகு கடைக் கம்ப்யூட்டரில் நேராக மாட்டினேன். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. போல்டர் வந்தது. கவிதாவே மவுசை வாங்கித் திறந்தார். மயில் பார்டர், மாங்காய் முந்தி, எல்லாம் வந்தன. தண்ணீர் டிஸ்க்கின் உள்ளே போகாதது வெறும் அதிர்ஷ்டம். இதை நம்பி யாரும் கழுவிப் பார்க்காதீர்கள்.

காப்பி எடு, காப்பி எடு என்று தொழிலில் எல்லாரும் சொல்கிறோம். அதைக் கொண்டுபோய் அதே மேஜையில் வைக்கிறோம். ஒரே கை இரண்டையும் முடித்துவிடும். ஒன்று வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். இதை நான் சொல்லும் முன்னே கவிதா சொல்லிவிட்டார்.

"இன்னொரு காப்பி போட்டுக் குடுங்ணா. அது எங்கம்மா ஊட்டுல இருக்கட்டும்."

இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொடுத்தேன். வாசலில் இருந்து மாமனார் மெதுவாகச் சொன்னார். "ஜலகண்டாபுரத்துக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன் சாமி."

"நீங்க தொட வேண்டாமுங்க மாமா" என்று சொல்லி, கவிதா அதைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.