முன்கதவில் ஒரு பூட்டு, பின்கதவில் ஒரு பூட்டு

மோகனூரில் உள்ள வீட்டை அப்பா குடும்ப டிரஸ்டின் பேரில் எழுதி, அண்ணனையும் என்னையும் பொறுப்பாளர்களாகப் போட்டார். தன் காலத்துக்குப் பிறகு சண்டை வரக்கூடாதாம். நாங்கள் அவர் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டோம். பூட்டுப் போட்டவருக்குத்தான் வீடு என்று எங்கள் இருவருக்குமே ஒரு நினைப்பு.

அப்பா ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார் என்று தெரிந்ததும், சூரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். அதற்குள் அண்ணன், சாத்தியிருந்த முன்கதவில் புதுப் பூட்டு மாட்டிவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். விடுவேனா? கொண்டுபோன பூட்டைப் பின்கதவில் மாட்டிவிட்டு முன்வாசலுக்கு வந்தேன்.

வாசலில் இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது சன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏஞ்சாமி, நான் இப்ப யாரு பங்குல இருக்கறேன்?"

எனக்கு உயிரே போய்விட்டது. தலைவலி என்று அப்பா கல்யாணத்துக்குப் போகாமல் படுத்திருந்திருக்கிறார். சர்க்கரை வேறு உண்டு. பூட்டிவிட்டு அவரவர் ஊருக்குக் கிளம்பியிருந்தால்?

அப்போதும் பாருங்கள், "நீ தொற", "மொதல்ல நீங்க தொறங்கண்ணா" என்றுதான் நின்றோம். ஒருவழியாக இரண்டு கதவையும் திறந்தோம். அப்பா அசையவில்லை.

"எந்தக் கதவுல வந்தாலும் ஒருத்தரு செயிச்ச மாதிரி ஆயிரும். டீயச் சன்னல்லயே குடுங்க."

இப்போது பூட்டு, சாவி எல்லாம் அப்பாவிடம்தான். நான் போனால் வெளியே நின்று, "அப்பா, ஊட்டுல இருக்கறீங்களா?" என்று கேட்கிறேன்.

"இன்னும் இருக்கறேன் சாமி" என்று பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறேன்.

— ஒரு வாசகி, சூரமங்கலம்